ஒற்றை முள்

அபாயச் சங்கு அலறியது.

நினைவகத்தின் நான்காவது மாடி நடைகூடத்தில் புகை. ‘எல்லோரும் அறுபது நொடிக்குள் வெளியேறவும்’ என்று ஒலிபெருக்கி விரட்டியது. முகக்கவசம் அணிந்திருந்த ஊழியை ஜெசிந்தா விதிப்படியே செய்தாள். நாற்காலியில் கண்மூடிக் கிடந்த அரங்கநாயகத்தின் காதோரத்திலிருந்து இணைப்புக் கம்பியை உருவினாள். அவரைக் கைத்தாங்கலாக எழுப்பிப் படிக்கட்டுக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டு, பக்கத்து அறையில் இருந்தவர்களை எழுப்ப ஓடினாள்.

தீ எதுவுமில்லை. கேன்டீனில் மிளகாய் தாளித்ததைக் கருகவிட்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டே அறைக்குத் திரும்பியவள், திரையைப் பார்த்ததும் உறைந்து நின்றாள்.

அரங்கநாயகத்தின் முள் கடைமுனையில் இல்லை.

சேலத்தில் பாதிப் பேருக்குக் காதுக்குப் பின்னால் நினைவேடு இருக்கிறது. கண்டதும் கேட்டதும் அதில் வரிசையாகப் பதியும். பழையதைப் பார்க்க வேண்டுமானால் நினைவகத்துக்கு வந்து முள்ளைப் பின்னால் நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் ஏட்டைச் செய்தவர்கள் சிக்கனம் பார்த்து, படிக்கவும் எழுதவும் ஒரே முள்ளைத்தான் வைத்தார்கள். பார்த்து முடித்ததும் அதைக் கடைமுனைக்குத் தள்ளிவிட வேண்டும். மறந்தால், முள் நிற்கிற இடத்திலேயே புதிய நினைவு எழுதப்படும். அங்கிருந்த பழையது அழிந்துபோகும்.

இதைத் தடுக்க எழுத்துப் பூட்டு உண்டு. போட்டு எடுக்க இரண்டு நிமிடம் ஆகும் என்பதால், கூட்டம் அதிகமான நாட்களில் நினைவகத்தில் யாரும் அதைத் தொடுவதில்லை. ஜெசிந்தாவும் தொடவில்லை.

“மாதவராஜ்! முள் எந்த இடத்துல நிக்குது?”

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான்.

“ஆஸ்பத்திரி. அவரோட பொண்ணு வைதேகி, வந்த நாள்லேருந்து கழட்டாத ஆக்ஸிஜன் மாஸ்க்கோட படுத்திருக்கு. ‘மூச்சு முட்டுதுப்பா’ன்னு கையை நீட்டுது பாரு, அங்க. அதுக்கப்புறம் ஒன்பது நிமிஷம்தான் அந்தப் பொண்ணு உயிரோட இருந்திருக்கு.”

“கம்பியைக் கழட்டி எவ்வளவு நேரமாச்சு?”

“நாலு நிமிஷம். நாலு நிமிஷம் போயிடுச்சுன்னு அர்த்தம், தாயி. நிக்காத, ஓடு!”

முள்ளை நகர்த்தும் கைப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அரங்கநாயகம் இரண்டு வருடம் தயங்கி, இன்றுதான் முதல்முறையாக வந்திருந்தார். மகள் சாகக் கிடந்த வாரத்தில், அவளை மறந்துவிடக் கூடாது என்றுதான் ஏட்டைப் பொருத்திக்கொண்டாராம். ஏடு வந்தபின் மூளை தானாக எதையும் வைத்துக்கொள்வதில்லை. பழைய முகங்கள்கூட மங்கிவிடும். ஏட்டில் இருப்பதுதான் நடந்தது.

வாசலில் அவர் இல்லை. எதிரே பஸ் நிறுத்தத்தை நோக்கி ஒரு வெள்ளைச் சட்டை போய்க்கொண்டிருந்தது.

“சார்! சார்!”

அவர் திரும்பவில்லை. அவள் காதில் மாட்டியிருந்த ஒலிக்கருவியில் மாதவராஜ் கத்தினான். “எட்டு நிமிஷம்!”

மூச்சுக்கு இடைஞ்சலாக இருந்த முகக்கவசத்தைக் கழற்றி எறிந்தாள்.

“அப்பா! நில்லுங்கப்பா!”

அவர் நின்றார், திரும்பினார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரைப்பில் பேச்சே வரவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது.

“ஒண்ணும் பேசாதீங்கப்பா. எதையும் பார்க்காதீங்க. கண்ணை மூடிக்கோங்க.”

அவர் மூடிக்கொண்டார். கைப்பெட்டியின் கம்பி அவர் காதோரத் துளைக்குள் இறங்கியது. முள் அசைந்து, இரண்டு வருடங்களைத் தாண்டி ஓடி, கடைமுனையில் நின்றது.

“எவ்வளவு போச்சு?” என்று முணுமுணுத்தாள்.

“ஒன்பதே முக்கால் நிமிஷம். பொண்ணு செத்தது மட்டும் போச்சு. மறுநாள் காரியமெல்லாம் அப்படியே இருக்கு. அந்த மட்டுக்கும் தப்பிச்சோம்.”

ஜெசிந்தா கம்பியை உருவினாள். மகளின் கடைசி நிமிடங்களைத் தொலைத்துவிட்டு, அந்த மனிதரை பஸ் ஏற்றி அனுப்ப முடியாது. வேலை போனால் போகட்டும். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

“கண்ணைத் திறங்க” என்றாள்.

அரங்கநாயகம் திறந்தார். அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். விரல்களால் அவள் கன்னத்து ஈரத்தைத் துடைத்தார்.

“மூச்சு முட்டுதுன்னு சொன்னியேம்மா... அப்புறம் எந்திரிச்சு என் பின்னாடியே ஓடி வந்துட்டியே! அப்ப மறுநாள் நாங்க யாரைக் கொண்டுபோய் எரிச்சோம்?”