மடக்கு நாற்காலியின் ஆணி

ரேணுவின் அப்பா அப்பாதுரைக்கு முதலில் கடை கிடையாது. ஒரு பழைய சைக்கிளும் நாலைந்து கோணிப்பைகளும்தான். தாமலிலிருந்து காஞ்சிபுரம் வந்து, "பழைய இரும்பு, பித்தளை, அலுமினியம்!" என்று தெருத்தெருவாகக் கூவி வாங்குவார்.

பிறகு செவிலிமேடு போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். காயலான் கடை தொடங்கியது. அம்மா லோகாம்பாள் பித்தளை வேறு, இரும்பு வேறு என்று பிரித்துப் போடுவாள். சனிக்கிழமை மாலையில் முருகேசன் லாரியோடு வருவார். குவியல் மொத்தமும் உருக்குவதற்காக மதராசுக்குப் போய்விடும்.

ரேணு ஐந்தாம் வகுப்பு படித்தாள். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்காருபவள் லில்லி. சின்ன வயதில் போலியோ வந்ததால் லில்லியின் வலது கால் மெலிந்திருக்கும். இரும்புப் பட்டையும் தோல் வாரும் வைத்த காலிப்பரை மாட்டிக்கொண்டுதான் நடப்பாள்.

அந்த வாரம் முழுக்க லில்லி பள்ளிக்கு வரவில்லை. சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும், ரேணு அவள் வீட்டுக்கே போய்விட்டாள்.

"முட்டிகிட்ட இருந்த ஆணி உடைஞ்சிடுச்சு ரேணு" என்றாள் லில்லி. காலிப்பர் இரண்டு துண்டாகச் சுவரில் சாய்ந்திருந்தது. "வேலூர் ஆஸ்பத்திரியில அடுத்த மாசம்தான் வரச் சொல்லியிருக்காங்க."

லில்லியின் அப்பா தாவீது பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இதோட எத்தனை தடவை உடைஞ்சிடுச்சு! அஞ்சாவது வரைக்கும் படிச்சது போதும்மா. இனிமே வீட்லயே இருக்கட்டும்."

லில்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரேணு எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். "மாமா, அந்த உடைஞ்ச ஆணியைக் குடுங்க. எங்க கடையில அதே மாதிரி ஒண்ணு தேடிப் பார்க்கிறேன்."

"காயலான் கடையிலயா?" தாவீது சிரித்தார். ஆனாலும் ஆணியை எடுத்துக் கொடுத்தார்.

கொட்டகையில் ரேணு குவியலுக்குள் புகுந்தாள். ஒரு ஆணி தடியாக இருந்தது. இன்னொன்று துருப்பிடித்து வளைந்திருந்தது. மற்றொன்று கை பட்டதும் உதிர்ந்தே போனது.

வெளியே லாரியின் ஹாரன் கேட்டது. முருகேசனும் அப்பாவும் இரும்பை அள்ளி ஏற்றத் தொடங்கினார்கள்.

ரேணு ஒரு நிமிடம் யோசித்தாள். 'லில்லியோட முட்டி மடங்குது, நிமிருது. அப்படின்னா, மடங்கி நிமிர்ற சாமான்லதானே அந்த ஆணி இருக்கும்?'

பந்தல்காரர் போட்டுவிட்டுப் போன உடைந்த மடக்கு நாற்காலி ஒன்று அப்போதுதான் லாரிக்குள் விழுந்தது.

"அப்பா! அந்த நாற்காலியைக் கீழே இறக்குங்க!"

"ஏம்மா? லோடு ஏறிக்கினு இருக்குது, போ அந்தாண்டை!"

"லில்லி ஸ்கூலுக்கு வரணும்ப்பா!"

ரேணு மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாதுரை உடைந்த ஆணியை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு தானே லாரியில் ஏறி நாற்காலியை இறக்கினார்.

"நேரமாகுது அண்ணாத்தே!" என்றார் முருகேசன்.

"இரும்பு எங்கேயும் ஓடிடாது. கொஞ்சம் இருப்பா."

உளியை வைத்துத் தட்டினார். ஆணி கழன்று விழுந்தது. நல்ல எஃகு. பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதே தடிமன்! நீளம் மட்டும் கொஞ்சம் அதிகம். அப்பா அரத்தால் தேய்த்துச் சரிசெய்தார்.

ரேணுவை சைக்கிளில் உட்காரவைத்து லில்லியின் வீட்டுக்கு மிதித்தார். ஆணியைப் பொருத்தி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். லில்லி காலிப்பரை மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள்.

"போதும்டி, கால் வலிக்கப்போகுது!" என்றாள் அவள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

திங்கட்கிழமை பெஞ்சில் லில்லி முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள்.

தாவீது இந்தக் கதையை பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? பக்கத்து ஊரான கூரத்திலிருந்து ஒருவர் பம்பு செட்டுக்கு நட்டு தேடி வந்தார். நெசவுக்காரர் வேலாயுதம் தறிக்கு ஒரு கம்பி கேட்டு வந்தார். சைக்கிள் பெடல், குடைக்கம்பி, பூட்டு என்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். வந்தவர்கள் தங்கள் வீட்டுப் பழைய சாமான்களையும் கொண்டுவந்து போட்டார்கள்.

அம்மா மரப்பெட்டிகளை அடுக்கி, உபயோகமாகும் சாமான்களைத் தனியாக வைத்தாள். பள்ளி விட்டதும் ரேணுவும் லில்லியும் அவற்றைத் துடைத்து வைப்பார்கள். அடுத்த வருடம் பக்கத்துக் கொட்டகையும் கடையோடு சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை முருகேசன் லாரியோடு வந்து நின்றார். இரண்டு கொட்டகையையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"என்னா அண்ணாத்தே, கடை பெருசாயிடுச்சு, லோடு மட்டும் கம்மியா இருக்குது?"

வாசலில் ரேணுவோடு பேசிக்கொண்டே நடந்து வரும் லில்லியை அப்பாதுரை பார்த்தார்.

"என்னப்பா பண்றது? பாதி இரும்பு எழுந்து நடந்து போயிடுச்சே!"