கதவு வைத்தது யார்

நேற்று மூடியிருந்த கதவு இன்று ஒரு விரல்கடை திறந்திருந்தது.

காகிதத்தில் வரைந்த கதவுதான். ஓவியச் சிகிச்சை அறையின் சுவரில் குத்தி வைத்திருந்த ஒரு வீட்டின் கதவு. வெளிச்சம் போதவில்லை, கண்ணாடியை மாற்ற வேண்டும், மத்தியானத் தூக்கம் இன்னும் தெளியவில்லை என்று சிகிச்சையாளன் தனக்குத்தானே சமாதானங்களை அடுக்கிப் பார்த்தான். ஆனால் நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த ஈர வாடை, கிரேயான் மெழுகின் வாசனையோடு கலந்து அறை முழுக்கப் பரவியிருந்தது. அதற்குச் சமாதானம் கிடைக்கவில்லை.

வீட்டை வரைந்தது தையல்காரம்மா. சிகிச்சைக்குச் சேர்த்ததிலிருந்து வாரக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல் சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்தவர். அவன் எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்கு வரைந்துகொண்டிருந்தான். ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"இது பூனையா தம்பி? சீக்கு வந்த கழுதை மாதிரி இருக்கே."

அவன் சிரித்தான். அவரும் சிரித்தார். மறுநாள் கிரேயானைத் தொட்டார். வீடு வந்தது, கதவில்லாமல்.

"கதவு வைக்கலையாம்மா?"

"வேண்டாம்பா. உள்ள இருக்கறது வெளிய வந்துடும். உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

நோயாளியின் படத்தில் கை வைக்கக் கூடாது. இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது. மாணவர்களுக்கு அவனே அதைக் கை ஆட்டி ஆட்டிப் பாடம் எடுத்திருக்கிறான். ஆனால் நேற்று பெரிய டாக்டர் பார்வையிட வந்தார். காட்டுவதற்கு முன்னேற்றம் என்று ஏதாவது வேண்டியிருந்தது. பழுப்புக் கிரேயானில் நாலு கோடு இழுத்தான்.

"அட, கதவே வெச்சுட்டாங்களே! கைராசிக்காரன்யா நீ!"

அவன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது.

சாயங்காலம் தையல்காரம்மா வந்தார். படத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு தம்பி கதவு வெச்சது?"

காது மடல்கள் சுட்டன. சட்டைப்பையில் பழுப்புக் கிரேயான் உருகிப் பிசுபிசுத்தது.

"நீங்கதாம்மா. மறந்துட்டீங்க."

அவர் தன் விரல்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவன் சொன்னால் அவர் நம்புவார். அதற்காகத்தானே அத்தனை கழுதை வரைந்தான்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்பா."

வந்து எதிரே உட்கார்ந்தார். சுவரில் காகிதம் கரகரத்தது. அவன் திரும்பவில்லை. ஈர வாடை அடர்ந்தது. பிடரியில் குளிர்ந்த மூச்சு. மெழுகு வாசனை.

தையல்காரம்மா அவன் தலைக்கு மேலே எதையோ அண்ணாந்து பார்த்தார்.

"பிள்ளையை விட்டுடு. கதவு வெச்சது நான்தான்."

இல்லை, நான்தான். அவ்வளவு சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

அவன் தோளை உரசிக்கொண்டு, மூட்டே இல்லாமல் நீண்டுபோய், அவர் தோளில் பதிந்தன நாலு பழுப்பு விரல்கள். அவன் இழுத்த அதே நாலு கோடுகள்.

பயப்படாதே என்பதுபோல அவர் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

அவன் வாயைத் திறக்கவில்லை.