வள்ளிக்கிழங்குக் குற்றம்

கதவை உடைத்துக்கொண்டுதான் வந்தார்கள். அழைப்புமணி நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் உடைத்தார்கள்.

எழிலி அப்போது சர்க்கரைவள்ளிக்கிழங்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, தகரப் பானையில் ஆவி கட்டி வேகவைத்து, ஒவ்வொரு துண்டாக இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை கையில் பிடித்தால் உடையக் கூடாது. ஈறில் பட்டால் நசுங்கிவிட வேண்டும். உப்பில்லை, இனிப்பில்லை. கூழாலையில் கிழங்கு தோலுரிக்கும் வேலை அவளுக்கு. அங்கிருந்து இடுப்பில் சொருகிக்கொண்டு வந்த கிழங்கு அது. எட்டு மாதக் குயிலி தரையில் உட்கார்ந்து, ஒரு துண்டைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு மென்றது.

மெல்லுவது குற்றம். ஊட்டுகுழல் வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. சுவரிலிருந்து நீளும் குழலை வாயில் வைத்து உறிஞ்சினால் போதும், உடம்புக்கு வேண்டிய கூழை அதுவே அளந்து தரும். தொண்டையில் அடைத்துக் குழந்தைகள் சாவதை நிறுத்தத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். நிறுத்தியும் விட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கையில என்னாடி அது? கீழ போடு!"

ஊட்டக் காவல் ஆய்வாளர் பரிதி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பானையை எட்டி உதைத்தார். கொதிநீர் எழிலியின் காலில் கொட்டியது. உதைத்த வேகத்தில் அவர் கையிலிருந்த திண்மைமானி, ஓர் உணவு கூழா திடமா என்று சொல்லும் கருவி, சுவரில் மோதி நொறுங்கியது.

கூட வந்த காவலர் தமயந்தி குழந்தையைத் தூக்கினாள். எழிலி பாய்ந்து அவள் மணிக்கட்டைக் கடித்தாள்.

"கடிக்கிறா சார்! ஐயோ, கடிக்கிறா!"

பரிதி எழிலியின் முடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினார். மூக்கு உடைந்தது.

"உறிஞ்சறதுக்கு மட்டும் வாய் வச்சிருக்கீங்க, உங்களுக்கு என்னடா பேச்சு?" எழிலி ரத்தத்தைத் துப்பினாள். "என் புள்ளைய கீழ வைடி!"

"இனிமே அது அரசாங்க ஊட்டகத்துல வளரும். உனக்குக் கெடயாது," என்றார் பரிதி.

தமயந்தியின் தோளில் இருந்த சாட்சிக்கண், நடப்பதைப் பதிந்து அவ்வப்போது சட்டம் சொல்லும் கருவி, குறுக்கிட்டது. "திடம் என்பதற்குச் சான்று தேவை. சான்றில்லாமல் குழந்தையை எடுத்துச்செல்ல அனுமதி இல்லை."

"மானி ஒடஞ்சிருச்சே சார்."

"அதனால என்ன? நான் சொல்றேன் சான்று." பரிதி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

பிறந்ததிலிருந்து அந்த வாய்க்கு ஒரே வித்தைதான் தெரியும். உறிஞ்சினார். கிழங்கு நேராக மூச்சுக்குழாயில் போய் அடைத்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் விழுந்தார். முகம் கறுத்தது.

"சார்! சார்!" தமயந்திக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த ஊரில் யாருக்குமே தெரியாது. எழிலிக்குத் தெரியும், குயிலிக்கு ஒருமுறை விக்கி நின்றபோது கற்றுக்கொண்டது. இந்த ஆள் இங்கே செத்தால் குழந்தையை மறுபடி கண்ணால் பார்க்க முடியாது என்பதும் தெரியும். அவரைக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஓங்கி அடித்தாள்.

"தாக்குதல்," என்றது சாட்சிக்கண்.

மறுபடி அடித்தாள். கிழங்கு தெறித்து விழுந்தது. பரிதி இழுத்து மூச்சு வாங்கினார். சாட்சிக்கண் சற்று யோசித்தது.

"திருத்தம். முதுகில் விழும் அடி உயிர் காக்கும் அடி. முதலுதவியைத் தடுப்பது குற்றம்."

பரிதி மண்டியிட்டபடியே இருமினார். "பாத்தல்ல... எவ்ளோ ஆபத்துன்னு? போதும் சான்று. புள்ளைய வண்டியில ஏத்து."

எழிலி கவிழ்ந்து கிடந்த பானையைக் கையில் எடுத்தாள். அவர் முதுகில் இறக்கினாள்.

"ஏய், அடிக்கிறா! புடி அவள!"

தமயந்தி மின்தடியை உருவினாள்.

"முதலுதவி நடக்கிறது. விலகி நிற்கவும்."

உருவிய கை அப்படியே நின்றது. அந்தக் கண்ணை மீறி அவள் ஒரு வேலையும் செய்ததில்லை. எழிலி முதுகைத் தவிர வேறெங்கும் படாமல் அடித்தாள். விலா ஒன்று முறிகிற சத்தம் கேட்டது. பரிதி வாசலை நோக்கித் தவழ்ந்தார். விடாமல் பின்னாலேயே போய் அடித்தாள். தமயந்தி குழந்தையைத் தரையில் உட்காரவைத்துவிட்டு, சொன்னபடி விலகி நின்றாள்.

"விட்ரும்மா... புள்ளைய நீயே வச்சிக்க... ஐயோ, போதும்!" பரிதி கதறினார்.

"நோயாளி பேசுகிறார்," என்றது சாட்சிக்கண். "முதலுதவி பலன் தருகிறது. தொடரவும்."