சாவி வைக்காத அட்டவணை

கம்ப்யூட்டருக்கு மேலே, மகள் வரைந்து கொடுத்ததென்று சுவரில் ஒட்டியிருந்த படத்தில்தான் அது முதலில் தெரிந்தது. மெழுகுக் கலரில் வரைந்த அடுக்குமாடி அப்படியே இருந்தது, அதற்கு மேலே சூரியன் இருந்தது, பச்சைச் சேலையில் அம்மா நின்றாள். அம்மாவின் கை மட்டும் பக்கவாட்டில் நீண்டு எதையோ பிடித்தபடி மூடியிருந்தது. அந்தப் பிடிக்குள் யாரும் இல்லை. வெறும் வெள்ளைத் தாள்.

பிரிஜட் விரலால் தடவிப் பார்த்தாள். அழித்த தடமே இல்லை.

அது எண்பத்தைந்தாம் வருஷம், கண்ணுங்களா. சிராங்கூன் சாலையில் மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு. இனி டைப்பிஸ்ட் வேண்டாம், டேட்டாபேஸ் படித்தால் வைத்துக்கொள்கிறோம் என்று பிரிஜட் வேலை பார்த்த கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். புருஷன் சிலுவைராஜ் கப்பல் பட்டறை விபத்தில் போய்ச்சேர்ந்த பிறகு அவளுக்கு மிஞ்சியது மகள் மதலேனா ஒருத்திதான். அந்த ஒற்றைக் குஞ்சுக்காகத்தான் ஆபீஸ் விட்டதும் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே மாடியேறினாள்.

"நல்லாத் தெரிஞ்ச விஷயத்தப் போட்டுப் பழகுங்கக்கா, தப்பு வந்தா உடனே கண்ணுல படும்" என்று சொல்லியிருந்தார் பாடம் எடுக்கும் அஸ்மத். அதனால் தன் வீட்டையே அட்டவணையாக்கினாள். ஒரு வரிசையில் புருஷன், அடுத்த வரிசையில் மகள்.

"சாவி வைக்கலையா? ஆளுக்கு ஒரு நம்பர், அதான் சாவி. அது இல்லாட்டி ஒரே ஆள் நாலு தடவ வந்து உக்காந்தாலும் மெஷின் ஏன்னு கேக்காது லா. அப்புறம் ஒண்ண மட்டும் அழிக்கவும் முடியாது. போனா எல்லாம் சேர்ந்து போகும்."

"ரெண்டே பேருக்கு எதுக்கு சார் நம்பர்? நான் பெத்தது எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள் பிரிஜட்.

இன்றைக்கு அழிக்கும் பாடம். கட்டளையைக் காட்டிக்கொடுத்துவிட்டு அஸ்மத் அந்திநேர மஃரிப் தொழப் போயிருந்தார். இல்லாதவரை அழித்தால் பாவமில்லை என்று நினைத்தாள் அவள். பெயரில் 'சிலுவைராஜ்' வரும் வரிசையை அழி என்று தட்டினாள். இனித் திரும்பப் பெற முடியாதபடி உறுதியும் செய்தாள். பிறகுதான் திரையைப் படித்தாள். இரண்டு வரிசைகள் அழிந்தன.

நம் பிள்ளைகளின் பெயரோடு அப்பன் பெயரும் ஒட்டிக்கொண்டே வருமே. பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி, சிலுவைராஜின் மகள் மதலேனா என்றுதான் அவளும் பதிந்திருந்தாள்.

நிமிர்ந்தபோதுதான் படத்தில் அந்த வெள்ளை.

ஆங் மோ கியோவில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில், பள்ளி விட்டதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டுச் சம்சுன்னிசா. அவளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மதலேனா சாப்பிட்டாளா?"

"எந்த மதலேனா?" சம்சுன்னிசா சிரித்தாள். "கம்ப்யூட்டர் படிச்சு மண்ட கொழம்பிடுச்சா லா? உனக்கு ஏது பிள்ள? உனக்காகத் தொழுகையில நான் எத்தன துஆ கேட்டிருப்பேன்!"

ரிசீவர் கையிலிருந்து நழுவியது. கீழே அரவை இயந்திரம் நின்றுபோயிருந்தது. குளிர்சாதனத்தின் ஒரே ரீங்காரமும், ஜன்னலில் மழையும், மேசையடியில் கம்ப்யூட்டர் பெட்டி எதையோ மென்று விழுங்குவதுபோன்ற கரகரப்பும் மட்டும். பிள்ளைக்கு மச்சம் எந்தக் காதில்? வலதா? இடதா? நேற்று இரவு அந்தக் காதில்தானே முத்தம் கொடுத்தாள்.

மறந்துகொண்டிருந்தாள்.

முழுசாக மறப்பதற்குள் தட்ட வேண்டும். பெயர். பிறந்த நாள். பள்ளி. என்டர்.

திரை அசையவில்லை. மறுபடி என்டர். அசையவில்லை. அவள் உதடு தானாக முணுமுணுத்தது. ஒரு 'அருள் நிறைந்த மரியே', ஒரு என்டர். இன்னொரு மரியே, இன்னொரு என்டர். செபமாலை மணி உருட்டுகிற பழக்கம் விரலில் ஏறிக்கொண்டது. நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் பிள்ளை போய்விடும்.

ஒரு வரிசை சேர்ந்தது என்றது திரை.

படத்தில் அம்மாவின் கைக்குள் சின்னக் கை. பிரிஜட் அழுதுகொண்டே உறுதி செய்தாள். கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு மழையில் ஓடினாள். அவள் முதுகுக்குப் பின்னால் திரையில் 'ஒரு வரிசை சேர்ந்தது' என்ற வரி மேலும் மேலும் உருண்டுகொண்டிருந்தது.

வீட்டுத் தாழ்வாரத்தில் சம்சுன்னிசா சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"பிரிஜட். எது உன் பிள்ள லா?"

கம்பிக் கதவுக்கு வெளியே வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்துகள். ஒரு ஜோடி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில். சுவர் முடியும்வரை. ஒவ்வொன்றிலும் இடது கயிறு அவிழ்ந்து கிடந்தது.

உள்ளே நனைந்த சீருடை வாடை. தேங்காய் எண்ணெய் வாடை, ஒரு தலைக்கு உரியதல்ல. சோபாவில் மதலேனா. மேசையில் மதலேனா. அடுப்படி இருட்டில் மதலேனாக்கள். எல்லோருக்கும் வலது காதில் மச்சம்.

"அம்மா."

ஒரே குரல்.

போன் அடித்தது. ஒருத்தி எடுத்து அவளிடம் நீட்டினாள். வகுப்பிலிருந்து அஸ்மத்.

"அக்கா, ஒரே வரிசை திரும்பத் திரும்ப நிக்குது. மொத்தமா அழிச்சிட்டு ஒண்ணு மட்டும் புதுசாப் போட்டுடவா?"

ரிசீவரிலிருந்து கசிந்த குரல் அவர்களுக்கும் கேட்டிருந்தது. எல்லாத் தலைகளும் ஒன்றாக அவள் பக்கம் திரும்பின. எல்லா உதடுகளும் நடுங்கின. பிரிஜட் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். தான் பெத்தது எது? வித்தியாசமாய் ஒரு மச்சம், ஒரு தழும்பு, ஏதாவது ஒன்று.

இல்லை.

"வேணாம் சார்" என்றாள். "ஒண்ணையும் அழிக்காதீங்க."

அவள் போனை வைத்தாள். வழக்கம்போலக் கையைப் பக்கவாட்டில் நீட்டினாள்.

சில்லென்ற சின்னக் கைகள் எல்லாம், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அதைப் பிடித்துக்கொண்டன.