கிளிமீன் அரைத்த மணல்

கட்டிலுக்கடியில் மறுபடியும் வெள்ளை மணல் கிடந்தது. வேலைக்குப் போகுமுன்தான் வினுஷா கூட்டியிருந்தாள். டூங்கபிப் புறநகரில் கடல் எங்கே, மணல் எங்கே?

முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிஃப்டை அடுத்தடுத்துச் செய்துவிட்டு வந்தவளுக்குக் குனியவே முடியவில்லை. குளிர்கால வெயில் அதற்குள் இறங்கிவிட்டிருந்தது. ஹீட்டரின் சூட்டில் அறை முழுவதும் உப்பும் அழுகிய பாசியும் கலந்த வாடை கனத்துக் கிடக்க, பக்கத்து வீட்டு நாய் குரைத்து ஓய்ந்த இடைவெளியில், யாரோ கல்லைப் பல்லால் மெல்ல அரைப்பதுபோல, ஒரு வாரமாக அவளுடைய தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்த அந்தச் சத்தம் மறுபடி தொடங்கியது.

கணவன் நிதுஷன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மாலைத்தீவில் கடலடியைத் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டித் தீவைப் பெருப்பிக்கும் கம்பெனி ஒன்றில் அவன் எஞ்சினியர். போன மாதம் திரும்பி வந்ததிலிருந்து இப்படித்தான் படுக்கை. வெறும் காய்ச்சல் என்றார் டொக்டர்.

“இஞ்சேருங்கோ, உங்களுக்கும் கேக்குதா?”

“ஓம். கிளிமீன் தின்னுற சத்தம்.” அவன் திரும்பவில்லை. “தண்ணிக்குள்ள தலையை விட்டா அங்க எப்பவும் இதுதான். பவள முருகைக்கல்லைக் கடிச்சு அரைச்சு மணலாக் கழிக்கும். அந்தத் தீவுகளின்ர வெள்ளை மணல் கனக்க அப்பிடி வந்ததுதான்.”

“இஞ்ச எங்க மீன்?”

“அங்க கடிக்க இனி ஒண்டும் இல்லை வினு. எல்லாத்தையும் நாங்கள் கிண்டி எடுத்திட்டம்.”

அவளுக்கு அழுகை வந்தது. அழவும் தெம்பில்லை. “நாளைக்குத் திரும்ப டொக்டரிட்டப் போவம்.”

“நோகேல்லை. களைப்பு மட்டும்தான். காலைக் கொஞ்சம் பிடிச்சுவிடு.”

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவனது கெண்டைக்காலை இரு கைகளாலும் பிடித்தாள். விரல்கள் உள்ளே போயின. எலும்பு தட்டுப்படவில்லை. முழங்கால்வரை அழுத்திப் பார்த்தாள். தலையணைபோல் அமுங்கியது. குதிகால் வெடிப்பிலிருந்து மணல் மெல்லிய கோடாக ஒழுகியது. இன்னும் ஈரமாக. அவனுடைய உடம்புச் சூட்டுடன்.

போன் குசினியில் அடுப்பருகே இருந்தது. எழும்ப வேண்டும். எழும்ப முடியவில்லை.

பெனியனுக்குக் கீழே ஏதோ அசைந்தது. கையகலம். தோலை உள்ளிருந்து உயர்த்திக்கொண்டு வயிற்றைக் கடந்தது. நெஞ்சில் நின்றது.

கறுக்.

நெஞ்சு ஒரு பக்கம் இறங்கியது.

“வினு…” அவன் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான். மேலும் சொல்ல வாயைத் திறந்தான். அந்தப் புடைப்பு கழுத்தில் ஏறியது. தாடையை அடைந்தது.

கறுக். கறுக்.

கன்னம் அமுங்கியது. மூக்கு அமுங்கியது. முகம் நனைந்த துணிபோலத் தலையணையில் மெல்லப் படிந்தது.

கண்கள் மட்டும் மேலேயே நின்றன. அவளையே பார்த்து, இமைத்தன.