நான்காவது துளை

குடலிறக்கத்துக்குத் துளைவழி ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலையில், லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி அவர் வயிற்றிலிருந்த பிளாஸ்திரிகளை ஈரப் பஞ்சால் நனைத்து நனைத்து உரித்தாள். தொப்புளில் ஒன்று, அதன் கீழே வரிசையாக இரண்டு. மூன்றே துளைதான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் வலது அடிவயிற்றில், தொடையிடுக்குக்குச் சற்று மேலே, பிளாஸ்திரியே ஒட்டாத இடத்தில் இன்னொரு துளை இருந்தது. தையல் இல்லை. ரத்தம் இல்லை. ஓரத்துத் தோல் வெளிப்பக்கமாக மடிந்திருந்தது.

அவள் அதைச் சுற்றி விரலால் அழுத்தினாள். “வலிக்குதாங்க?”

“தொடுறியா என்ன?”

அந்தப் பக்கமே அவருக்கு மரத்துப்போயிருந்தது. நரம்பு மெல்லத்தான் சரியாகும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். பயப்பட வேண்டிய விஷயம் என்று அவருக்குப் புரிந்தது, பயம்தான் வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மனைவியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

இலவசமாக ஒன்று போட்டுவிட்டீர்களா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்த்தார். டாக்டர் சிரிக்கவில்லை. இது தான் போட்டதல்ல, ஆபரேஷன் முழுக்கப் பதிவாகியிருக்கிறது, நீங்களே பாருங்கள் என்று திரையைத் திருப்பினார்.

ஸ்பிரிட் வாசனையும் ஏசியின் ஈர வாடையும் கலந்த அந்தச் சின்ன அறையில், மின்விசிறியின் கிறீச்சொலிக்கு நடுவே, அவருடைய உட்புறம் வாயு நிரம்பிய கூடாரம்போல் சிவந்து விரிந்தது. இரண்டு மெல்லிய கருவிகள் வந்து, பிதுங்கிக் கிடந்ததை உள்ளே இழுத்து, சுருட்டிய வெள்ளை வலையைப் பிரித்து தசைச்சுவரின் ஓட்டையின்மேல் பரப்பின. வலை நழுவியது. ஒரு மூலையை இடது கருவி பிடித்தது. இன்னொன்றை வலது. மூன்றாவது மூலை தானாக எழுந்து நின்றது.

டாக்டர் நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி.

வலைக்குப் பின்னாலிருந்து ஒரு விரல். வெளிறியது. நகமில்லாதது. மூலையைப் பதமாகப் பிடித்துக்கொண்டு, வலையைத் தசையோடு பொருத்தும் பின்களைக் கருவி அடித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தது. பிறகு உள்ளே போனது.

“அன்னிக்கு இது இல்ல,” என்றார் டாக்டர். “நான் பாத்துட்டேதான் இருந்தேன். இல்ல.”

மெக்கானிக்கின் இரண்டு கைகளும் மேஜைமேல் இருந்தன. மனைவி அவர் தோளைப் பற்றினாள்.

“ஏங்க. அசையாதீங்க.”

“நான் அசையலையே.”

குனிந்தார். அடிவயிற்றில் சட்டைத் துணி மெல்ல எழுந்தது. ஐந்து புடைப்புகள். விரிந்தன. அவருக்கு எதுவும் தெரியவில்லை. வலியில்லை. குளிரில்லை. துணிக்கு அடியில் அவை ஊர்ந்து மேலே வந்தன. கடைசிப் பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்தன. உள்ளிருந்தபடியே, நிதானமாக, கழற்றத் தொடங்கின.