வளர்ந்துவிட்ட ஆணி

தாத்தாவின் தையல் கடையில் ஓர் ஆணி வளர்ந்துகொண்டே இருந்தது.

செடி வளரும். முடி வளரும். பக்கத்து வீட்டு நாய்க்குட்டிகூடக் கண்ணெதிரே வளர்ந்தது. ஆனால் சுவரில் அடித்த ஆணி வளருமா? வளரும் என்று தாத்தா அடித்துச் சொன்னார்.

"கடை திறந்த அன்னைக்கு நானே அடிச்ச ஆணி இது. உங்கம்மா அப்போ குட்டிப் பொண்ணு. அளவு டேப்பை எடுத்துப் பாம்பு விட்டு விளையாடுவா. அவளுக்கு எட்டக் கூடாதுன்னு, நான் கையைத் தூக்கினா எட்டற இடமாப் பார்த்து அடிச்சேன். இப்போ எங்கே போய் நிக்குது பாரு!"

சொல்லிக்கொண்டே நுனிக்காலில் எம்பினார். ஒரு எம்பு, இரண்டு எம்பு. மூன்றாவது எம்பில் டேப் கையில் வந்தது. உடனே மறு கையால் பேண்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். கீழே இறங்க அவசரம் அதற்கு.

"சுவர்ல இருக்கிற ஆணி எப்படித் தாத்தா மேலே போகும்?" என்று கேட்டாள் பேத்தி பட்டன்.

"கட்டடம் பழசாச்சு இல்லே? பழைய கட்டடம்னா அப்படித்தான்" என்றார் தாத்தா. அதற்கு மேல் கேட்டால் கோபம் வரும் என்பது பட்டனுக்குத் தெரியும்.

பட்டனுக்குப் பத்து வயது. நல்ல பெயர் ஒன்று பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் இரண்டு வயதில் அவள் ஒரு சட்டைப் பட்டனை விழுங்கிவிட்டாள். பட்டன் மறுநாளே பத்திரமாக வெளியே வந்துவிட்டது. பெயர்தான் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பள்ளி விட்டதும் அவள் நேராகக் கடைக்குத்தான் வருவாள். வீட்டுப் பாடம் எழுதுவது அங்கேதான். தாத்தாவை வேடிக்கை பார்ப்பதும் அங்கேதான். ஒரு நாள் எண்ணிப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் தாத்தா இருபத்திரண்டு முறை பேண்ட்டை மேலே இழுத்தார்.

"பெல்ட் போடலாமே தாத்தா?"

தாத்தா மெஷினை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "டைலர் பெல்ட் போட்டா என்ன அர்த்தம்? இவன் தைக்கிறது இடுப்புல நிக்காதுன்னு ஊரைக் கூட்டிச் சொல்ற மாதிரி. நல்லாச் சொன்னே போ!"

தாத்தாவிடம் ஒரு தடித்த அளவு நோட்டு உண்டு. வருகிறவர்களை எல்லாம் மூன்று முறை அளப்பார். மற்ற டைலர்கள் எழுதாத உயரத்தைக்கூட எழுதி வைப்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை. அந்த நோட்டின் முதல் பக்கத்தில் அவருடைய சொந்த அளவு இருந்தது. கடை திறந்த அன்று எழுதியது. தனக்குப் பேண்ட் தைக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் துணி வெட்டுவார். 'நம்ம அளவு நமக்குத் தெரியாதா?' என்பார்.

அந்தப் பக்கத்துக்கு நாற்பது வயது. தாத்தாவுக்கோ எழுபத்தாறு.

அதனால்தான் பேண்ட் இடுப்பில் நிற்காமல் இறங்கியது. இறங்கிய பேண்ட் குதிகாலுக்கு அடியில் போய்ச் சுருண்டது. இதையெல்லாம் பட்டன் பார்த்தாள். தாத்தா மட்டும் பார்க்கவில்லை. "இந்தக் காலத்துத் துணி. தொங்கத் தொங்க நீளும்" என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அது நடந்தது.

கடையிலிருந்து தெருவுக்கு இறங்க ஆறு படிகள். தாத்தா பட்டன் டப்பாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். பட்டன் பின்னால் வந்தாள். நான்காவது படியில் தாத்தாவின் குதிகால் பேண்ட் நுனியை மிதித்தது. பேண்ட் சரேலென்று இறங்கியது. கைப்பிடிக் கம்பியைப் பிடிப்பதா, பேண்ட்டைப் பிடிப்பதா என்று தாத்தா ஒரு கணம் தடுமாறினார். மானம்தான் பெரிது என்று இரண்டு கையாலும் பேண்ட்டைப் பிடித்தார்.

டப்பா பறந்தது. முந்நூறு பட்டன்கள் தெருவெல்லாம் உருண்டன. தாத்தா கடைசிப் படியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. முழங்கால் மட்டும் பந்து போல வீங்கிவிட்டது.

பட்டனின் அம்மா பேருந்து ஓட்டுநர். வீட்டிலும் பிரேக் போடுவது அவர்தான். போட்டால் போட்டதுதான்.

"போதும்ப்பா. உங்களுக்குக் கால் தள்ளாட ஆரம்பிச்சுடுச்சு. திங்கட்கிழமையிலேர்ந்து கடைக்குப் போக வேண்டாம். சாவியை என்கிட்டே குடுத்துடுங்க."

"தள்ளாடுதா? என் காலா?" தாத்தா துள்ளினார். முழங்கால் வலித்ததால் பாதித் துள்ளலோடு உட்கார்ந்துவிட்டார்.

"அப்புறம் எப்படி விழுந்தீங்க?"

தாத்தா யோசித்தார். பேண்ட் தடுக்கியது என்று சொன்னால், டைலருக்கே பேண்ட் சரியில்லை என்று ஆகிவிடும். "படி வழுக்கிடுச்சு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"இன்னைக்குப் படி வழுக்கும். நாளைக்கு இடுப்பு எலும்பு உடையும். எனக்குப் பயமா இருக்குப்பா" என்றார் அம்மா. அவர் குரல் கொஞ்சம் உடைந்தது.

பட்டன் மெல்ல, "அம்மா, கால் இல்லேம்மா. பேண்ட்தான் தடுக்கிச்சு" என்றாள்.

"போடி, தாத்தா யாரு? டைலர். அவருக்கா தன் பேண்ட் அளவு தெரியாது?"

சாப்பாட்டு நேரத்தில் எப்போதும் மூன்று முறை கேட்டு வாங்குகிற தாத்தா, ஒரு முறையோடு எழுந்துவிட்டார். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் சுருட்டினார். பிறகு பிரித்தார். மறுபடியும் சுருட்டினார். பட்டனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடை இல்லாமல் இந்தத் தாத்தா என்னதான் செய்வார்?

மறுநாள் அவள் தாத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "தாத்தா, உங்களை ஒரே ஒரு தடவை புதுசா அளந்துக்கலாமா?"

பல்லைப் பிடுங்கட்டுமா என்று கேட்டதுபோல் தாத்தா பதறினார். "எதுக்கு? நான் சுருங்கிட்டேன்னு சொல்றியா? நாளைக்கு என்கூட வா. சாட்சியோட காட்டறேன்!"

சனிக்கிழமை காலை, கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் (தொட்டால் கௌரவம் போய்விடுமே!) நொண்டியபடி படியேறிக் கடையைத் திறந்தவர், உடனே கீழே இறங்கி, படிக்குப் பக்கத்தில் இருந்த சலூனுக்குள் அவளை அழைத்துப் போனார். அங்கேதான் சாட்சி இருந்தது.

சாட்சியின் பெயர் சலூன் தாத்தா. தாத்தாவும் அவரும் ஒரே நாளில் கடை திறந்தவர்கள். ஒருவரை ஒருவர் கேலி பேசாவிட்டால் இருவருக்கும் சாப்பாடு இறங்காது. அவருடைய மீசை வலது பக்கம் தடியாகவும் இடது பக்கம் மெலிதாகவும் இருந்தது.

"டேய், வாடா. முதுகோடு முதுகு ஒட்டி நில்லு" என்றார் தாத்தா.

இருவரும் நின்றார்கள்.

"நல்லாப் பார்த்துக்கோ பட்டன். அந்தக் காலத்துல நான் இவனைவிட ஒரு இன்ச் உசரம். இன்னைக்கும் ஒரு இன்ச் உசரம். நான் சுருங்கியிருந்தா இவன் எனக்குச் சமமா வந்திருக்க மாட்டானா?"

பட்டன் பார்த்தாள். உண்மைதான். சரியாக ஒரு அங்குலம். முகம் தொங்கிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சலூன் தாத்தா ஒரு வாடிக்கையாளரின் முகத்தில் நுரையைத் தடவிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனார். அங்கே அவர் தன் மீசையைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தது. அதில் அவருடைய வழுக்கைத் தலை தெரிந்தது. கண் தெரிந்தது. மூக்கு தெரிந்தது. மீசை மட்டும் தெரியவில்லை. அவர் குத்துமதிப்பாக இடது பக்கம் ஒரு வெட்டு வெட்டினார். இடது மீசை இன்னும் கொஞ்சம் மெலிந்தது.

"கண்ணாடியைக் கொஞ்சம் கீழே மாட்டக் கூடாதா தாத்தா?"

"நான் சரியாத்தான் மாட்டினேன். நாள்பட நாள்பட மேலே ஏறிடுச்சு. பழைய கட்டடம் இல்லையா?"

பட்டன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மேலே ஆணி ஏறுகிறது. கீழே கண்ணாடி ஏறுகிறது. ஒருவேளை எதுவுமே ஏறவில்லையோ? இந்த இரண்டு பேரும் சேர்ந்து இறங்கிவிட்டார்களோ? இரண்டு பேரும் ஒரே அளவு குறைந்தால் பக்கத்தில் நின்று பார்த்தால் எப்படித் தெரியும்?

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் சலூன் நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு அந்த வாடிக்கையாளர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் சொன்னால் தாத்தாவுக்கு எவ்வளவு அவமானம்! பட்டன் நாக்கைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தாள். அவர் முகம் துடைத்துக் கிளம்பிய பிறகுதான் தாத்தாவின் காதருகே போனாள்.

"தாத்தா, சலூன் தாத்தாதான் கொஞ்சம் குறைஞ்சுட்டார் போலிருக்கு. கண்ணாடியில மீசையே தெரியலை."

தாத்தாவின் வாயெல்லாம் பல். "நான் அப்பவே நினைச்சேன்! பாவம், வயசாயிடுச்சு இல்லே? அவன்கிட்டே சொல்லாதே, மனசு கஷ்டப்படும்" என்றார். சொல்லிவிட்டு மறு நொடியே, "டேய், நீ குறைஞ்சு போயிட்டேடா!" என்று கத்தினார்.

"யாரு, நானா? அளந்து பாருடா!"

பட்டன் மேலே கடைக்கு ஓடிப்போய் அளவு நோட்டைக் கொண்டு வந்தாள். இரண்டாம் பக்கத்தில் சலூன் தாத்தாவின் அளவு இருந்தது. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். தாத்தா அவரைச் சுவரோடு நிறுத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, ஒன்றுக்கு மூன்று முறை அளந்தார்.

"அஞ்சடி நாலு! ரெண்டு இன்ச் காணோம்! ரெண்டு இன்ச்!" தாத்தா வீங்கிய முழங்காலோடு ஒரு சுற்று ஆடினார்.

சலூன் தாத்தா சுவரில் இருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சரிடா. நான் அஞ்சடி நாலு. நீ என்னைவிட எத்தனை இன்ச் உசரம்னு இப்போ சொன்னே?"

"ஒரு இன்ச்."

"அப்போ நீ எவ்வளவு?"

தாத்தாவின் ஆட்டம் நின்றது. அவர் விரல்விட்டு எண்ணினார். நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினார். ஐந்தடி ஏழு என்று அவருடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது. மறுபடியும் விரல்விட்டு எண்ணினார். அவர் முகத்தில் அசடு வழிந்தது.

சலூன் தாத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, பட்டன்தான் தண்ணீர் கொடுத்தாள்.

தாத்தா கடைசியில் தானும் சிரித்துவிட்டார். கழுத்திலிருந்த டேப்பை எடுத்துப் பட்டனின் கையில் வைத்தார். "சரி, அளந்து தொலை" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

பட்டன் மூன்று முறை அளந்தாள். உயரம் இரண்டு அங்குலம் குறைவு. இடுப்பு மூன்று அங்குலம் குறைவு.

அந்த நேரம் பார்த்து அம்மா சீருடையோடு உள்ளே வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். தாத்தா தொண்டையைச் செருமினார்.

"படி வழுக்கலைம்மா. பேண்ட்தான் தடுக்கிச்சு. அளவு தப்பு. தைச்சவன் சரியில்லே."

"யாரு தைச்சது?"

"நான்தான்" என்றார் தாத்தா, ரொம்பச் சின்னக் குரலில்.

அம்மாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார். பிறகு சாவியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே, "முதல்ல டாக்டர். அவர் சரின்னு சொன்னாத்தான் சாவி" என்றார்.

திங்கட்கிழமை டாக்டர், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னார். தாத்தா பத்து முறை எழுந்தார். முழங்கால் முனகியது, தாத்தா முனகவில்லை.

"கால் தேவலை. ஆனா சதை குறைஞ்சிருக்கு. தினமும் நடக்கணும், இப்படி எழுந்து எழுந்து உட்காரணும்" என்றார் டாக்டர். "வயசானா முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தையெல்லாம் அமுங்கும். உயரம் குறையறது எல்லாருக்கும் உண்டு. இருந்தாலும் எலும்பு எவ்வளவு பலமா இருக்குன்னு ஒரு டெஸ்ட் எடுத்துடுவோம். அப்புறம் பெரியவரே, படியில கைப்பிடி எதுக்கு இருக்கு?"

"அழகுக்கு" என்று சொல்ல வந்த தாத்தா, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிடிக்கத்தான்" என்றார்.

சாவி திரும்பக் கிடைத்தது.

இப்போது தினமும் சலூனில் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டு தாத்தாக்களும் எதிரெதிர் நாற்காலியில் எழுந்து எழுந்து உட்காருகிறார்கள். எண்ணுவது பட்டன். இருவரும் கள்ளக் கணக்குச் சொல்லுவதால் அந்தப் பொறுப்பு அவளுக்கு. கண்ணாடி இறங்கிவிட்டதால் சலூன் தாத்தாவின் மீசை இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறது. தாத்தாவின் புதுப் பேண்ட் இடுப்பில் கச்சிதமாக நிற்கிறது. பெல்ட் இல்லாமல்தான்!

நாற்காலியில் ஏறி, ஆணியைப் பிடுங்கி இரண்டு அங்குலம் கீழே அடித்ததும் பட்டன்தான். தாத்தா கையைத் தூக்கினார். எம்பாமல் கொள்ளாமல் டேப் கைக்கு வந்தது. அவர் ஆணியை ஒரு முறை தடவிப் பார்த்தார். பட்டனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"பார்த்தியா? இதுவும் ரெண்டு இன்ச் குறைஞ்சு போச்சு. பாவம், ஆணிக்கும் வயசாகுது இல்லே?"